மூன்று பேரிடம் விசாரித்த மாப்பிள்ளை

“…ஒரே பையன், ஒரே வேல. மூணு வாயில மூணு விதமா வருதுன்னா இன்னாடி அர்த்தம்? எங்கியோ முடிச்சு இருக்குது. அத அவுக்காம எம்பொண்ண நான் ஏரோப்ளேன் ஏத்த மாட்டேன், ஆமா” என்றாள் அக்கா.

பேச்சைப் படியேறும்போதே ஆரம்பித்திருப்பாள். நான் தையல் மெஷினை நிறுத்திவிட்டு நிமிர்வதற்குள் பாதி போய்விட்டது. அளவு கொடுக்க வந்த இரண்டு பெண்கள் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா அதற்கெல்லாம் கூச்சப்படுகிறவள் இல்லை. வீட்டு விஷயம் பேசுவதற்கு அவள் எப்போதும் ஆள் இருக்கிற இடமாகத்தான் பார்ப்பாள். கேட்டால், “கேக்கற காது ஜாஸ்தியா இருந்தா, யோசிக்கற மண்டையும் ஜாஸ்தி” என்பாள்.

“நேத்து வந்து எறங்கிட்டானாம். லீவாம். இங்கிலாந்துல இருக்கற நம்ம பாயோட பொண்ணு இன்னா சொன்னா? எங்க ஊர்ல ஒரு ஸ்கூலும் இன்னும் மூடலன்னு சொன்னாளா இல்லியா? அப்ப இவனுக்கு மட்டும் எவன் லீவு குடுத்தான்? வேல போய் வந்துருக்கான்டி அவன்.”

பெஞ்சில் இருந்தவர்களில் மூத்தவள், “ஐயோ பாவம்” என்றாள். யார் பாவம் என்று சொல்லவில்லை.

அக்காவை வடக்கனந்தலில் கொடுத்திருக்கிறது. கரும்பும் மரவள்ளியும் போடுகிற குடும்பம். ஒரே பெண். அந்தப் பெண் படித்து, பரீட்சை எழுதி, கல்வராயன் மலையில் ஆசிரியை ஆகிவிட்டாள். மலைப் பிள்ளைகள் தங்கிப் படிக்கிற அரசுப் பள்ளி. வெள்ளிமலையில் ஓர் அறை எடுத்துக்கொண்டு, சனிக்கிழமை இறங்கி வருவாள், ஞாயிற்றுக்கிழமை ஏறிப் போவாள். அவளுக்கு வந்த வரன்தான் இந்தப் பையன். எலவனாசூர்கோட்டை. அப்பா இல்லை; அம்மாவும் தாய்மாமனும் விவசாயத்தைப் பார்த்துக்கொள்கிறார்கள். பையன் பிரிட்டனுக்குப் போய்ப் படித்து, அங்கேயே ஸ்காட்லாந்தில் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருப்பதாகச் சொன்னார்கள்.

‘சொன்னார்கள்’ என்கிற இடத்தில்தான் அக்கா உட்கார்ந்துகொண்டாள்.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளையை விசாரிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. ஒருவரை ஒருவர் தெரியாத மூன்று பேரிடம் கேட்க வேண்டும். விசாரிக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியக்கூடாது. மாடு பிடிக்க வந்த மாதிரியோ, நிலம் பார்க்க வந்த மாதிரியோ போய், பேச்சோடு பேச்சாக, “அந்த வூட்டுப் பையன் இன்னா பண்றான்?” என்று இழுக்க வேண்டும். மூன்று பதிலும் ஒன்றாக இருந்தால் பூ வைக்கலாம். இல்லாவிட்டால் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும்.

இந்த முறையில் அக்காவுக்கு ஊரில் நல்ல பேர். இதற்கு முன்னால் திட்டக்குடிப் பக்கம் ஒரு வரன் வந்தது. பையன் சென்னையில் எஞ்சினியர் என்றார்கள். அக்கா வைக்கோல் விலை கேட்கிற மாதிரி போனாள். ஒருவர் எஞ்சினியர் என்றார். இன்னொருவர் மெக்கானிக் என்றார். மூன்றாமவர், ஒரு கிழவர், “அவனா? அந்தா பாரு, வேப்ப மரத்தாண்ட கட்டில்ல படுத்துக்கினு இருக்கான்” என்று கையைக் காட்டினார். அன்றிலிருந்து சுற்றுவட்டாரத்தில் யார் வீட்டில் பெண் இருந்தாலும் அக்காவிடம் யோசனை கேட்கிறார்கள். மாமா மட்டும், “உங்க அக்கா சந்தேகத்தத் தலகாணியில வச்சித் தெச்சிக்கினு தூங்கறவ” என்பார்.

இந்த எலவனாசூர்கோட்டைப் பையனை முதலில் பார்த்தது தை மாதத்தில், வாட்ஸ்அப்பில். எங்களுக்கு ராத்திரிச் சாப்பாடு முடிந்திருந்தது. திரையில் ஒரு முகமும், அதற்குப் பின்னால் கறுப்பாக ஒரு ஜன்னலும் தெரிந்தன. அங்கே மணி என்ன என்று அக்கா கேட்டாள். “சாயங்காலம் நாலரைங்க” என்றான். அக்கா என் தொடையைக் கிள்ளினாள். ஃபோனை வைத்ததும், “நாலரைக்கு எந்த ஊர்லடி இப்பிடிக் கும்மிருட்டு? கிடங்குக்குள்ள வச்சிப் பூட்டியிருக்காங்களா?” என்றாள். குளிர்காலத்தில் அங்கே அப்படித்தான் என்று நான் படித்திருந்ததைச் சொன்னேன். “படிச்சவங்க ஆயிரம் எழுதுவாங்க” என்று முடித்துவிட்டாள்.

அந்தப் பேச்சில்தான் அவன் சொன்னான்: “கடலோரத்துல ஒரு சின்ன ஊருங்க. அங்க அகாடமில கணக்கு எடுக்கறேன்.”

அகாடமி என்றதும் எனக்கே சந்தேகம் தட்டியது. கள்ளக்குறிச்சியில் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி ஒரு சுற்று வந்து பாருங்கள். போலீஸ் வேலைக்கு ஓடப் பழக்குகிற இடம் அகாடமி. கராத்தே அகாடமி, டான்ஸ் அகாடமி. என்னிடம் ஆரி எம்பிராய்டரி வேலை கற்றுக்கொண்டு போன ஒருத்தி, மாடியில் ஒரு ரூம் எடுத்து அகாடமி என்று போர்டு மாட்டினாள். உள்ளே தையல் சட்டமும் ஒரு ஃபேனும்தான். ஆடிக்குத் திறந்தால் ஐப்பசிக்கு மூடிவிடுகிற சாமான் எங்கள் ஊரில் அகாடமி. அதில் கணக்கு எடுக்கிறவன் ஸ்கூல் வாத்தியார் ஆவானா?

ஆனால் அவன் அம்மா நேரில் வந்தபோது, “கவர்மெண்ட் ஸ்கூலுங்க, நம்ம கவர்மெண்ட் மாதிரி அங்க கவுன்சில்னு ஒண்ணு, அது நடத்துது” என்று அழுத்தமாகச் சொன்னார். பேசும்போது என் முகத்தைப் பார்த்துத்தான் பேசினார். அக்காவோ, “அந்தம்மா பேச்சுல பட்டன் வரிசையா இருக்குது, காஜா ஒண்ணையும் காணோம்” என்றாள். தையல்காரியிடம் பேசும்போது மட்டும் அவளுக்கு இப்படியெல்லாம் வரும்.

விசாரிக்கிற வேலை என் தலையில் விழுந்தது. கடைக்கு நாலு ஊர்ப் பெண்கள் வருகிறார்கள், உனக்கென்ன கஷ்டம் என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள்.

நான் நூலும் லைனிங் துணியும் வாங்குகிற கடைக்காரர் ஒரு பாய். அவருடைய மகள் இங்கிலாந்தின் தெற்கே கல்யாணமாகி இருக்கிறாள். கஸ்டமர் ஒருவருக்குப் பிள்ளையைச் சேர்க்க வேண்டியிருக்கிறது, அங்கே பள்ளிக்கூடமெல்லாம் எப்படி என்று கேட்கிறார் என ஒரு கதை கட்டினேன். பாய் அப்போதே ஃபோன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

“எம்பையன் போறது ஃபர்ஸ்ட் ஸ்கூலுக்கா. அப்பறம் மிடில் ஸ்கூல். அந்தாண்ட ஊர்ல இன்ஃபன்ட், ஜூனியர்னு பிரிப்பாங்க. ஊருக்கு ஊர் ஒரு பேரு வச்சிருக்காங்க, எனக்கே தல சுத்துது” என்றாள்.

“அகாடமின்னு இருக்குதாம்மா?”

“இருக்குதே. கவுன்சிலாண்டேர்ந்து பிரிச்சி ட்ரஸ்ட்டுக்குக் குடுத்துட்ட ஸ்கூலு. கவுன்சிலுக்கும் அதுக்கும் சம்பந்தம் கம்மி.”

கவுன்சில் நடத்துகிறது என்று பையனின் அம்மா சொன்னது என் காதில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று, பப்ளிக் ஸ்கூல் எப்படி என்று கேட்டேன்.

“அது பப்ளிக் போக முடியாத ஸ்கூலுக்கா. ஃபீஸ கேட்டா மயக்கம் வரும்.”

பாய் உடம்பு குலுங்கச் சிரித்தார். “நம்மூர்லயும் அதான தங்கச்சி? பேரு பப்ளிக்கு, வாசல்ல வாட்ச்மேன்.” பிறகு ஃபோனை வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: “எம்பொண்ணு பொய் சொல்ல மாட்டா. ஆனா அவ வூட்ட சுத்தி இருக்கறதத்தான் ஒலகம்னு சொல்லுவா. அத மனசுல வச்சிக்க.”

நான் வைத்துக்கொள்ளவில்லை. ‘கவுன்சிலுக்கும் அதுக்கும் சம்பந்தம் கம்மி’ என்பதை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டு போய் அக்காவிடம் கொடுத்தேன்.

இன்னொரு வாய், தியாகதுருகத்திலிருந்து என் கடைக்கு வரும் ஒரு பெண்ணின் தங்கை. ஸ்காட்லாந்திலேயே பெரிய நகரம் ஒன்றில் நர்ஸ். அவளிடமிருந்து குரல் பதிவு வந்தது. “எங்க ஊர்ல கவர்மெண்ட் ஸ்கூல செகண்டரின்னோ ஐ ஸ்கூல்னோதான் சொல்வாங்க. அகாடமின்னா பெரிய வூட்டுப் பசங்க காசு கட்டிப் படிக்கறது. கோட்டு, டை, தொப்பியோட போவாங்க. அதுல நம்மாளு வாத்தியாரா? நான் பாத்ததில்லியே.”

அதை அக்கா திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். பெற்ற தாய் கவர்மெண்ட் என்கிறாள். ஒருத்தி ட்ரஸ்ட் என்கிறாள். ஒருத்தி பணக்காரப் பள்ளி என்கிறாள். நம்மூர் வழக்கத்தில் பார்த்தால் டியூஷன் சென்டர். “ஒரே ஆளு எப்பிடிடி நாலு எடத்துல சம்பளம் வாங்குவான்? ஒரு எடத்துலயும் வாங்கலன்னுதான அர்த்தம்?” என்றாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. மூன்று பேரைக் கேட்கிற முறை தப்பாது என்பதை நானே கண்ணால் பார்த்திருந்தேனே.

ஒரு சனிக்கிழமை அக்கா மகள் மலையிலிருந்து இறங்கி, நேராக என் கடைக்கு வந்து, துணி வெட்டுகிற பலகை மேல் ஏறி உட்கார்ந்தாள்.

“சித்தி, அவர்கிட்ட நான் ஒண்ணு கேட்டா, கொஞ்சம் யோசிச்சிட்டுதான் பதில் சொல்றாரு. முன்ன வந்தவங்க எல்லாம் நான் வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே பதில ரெடியா வச்சிருந்தாங்க. எனக்கு இவரப் புடிச்சிருக்குது.”

“அம்மாவுக்கு ஒரே கொழப்பமா இருக்குதே, பாப்பா.”

“அம்மாவுக்கா, உங்களுக்கா?”

நான் கத்தரிக்கோலைத் தேடினேன். கையில்தான் இருந்தது.

“லாங் லீவு போட்டுட்டுப் போறேன்னு சொல்லிட்டேன். புடிக்கலன்னா திரும்பி வந்து இதே வேலையில சேர்ந்துக்குவேன். அவரும் சரின்னுட்டாரு. ஆனா இதையும் அம்மா விசாரிச்சே கலைச்சிட்டா, இனிமே எனக்குன்னு யாரையும் பாக்க வேணாம்னு சொல்லிடுங்க. நான் கோவத்துல சொல்லல சித்தி. அலுப்பா இருக்குது.”

கோபத்தில் சொல்லியிருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன்.

ஆனியிலேயே பூ வைத்துவிட வேண்டும் என்று பையன் வீட்டார் சொல்லியிருந்தார்கள். ஆடி பிறந்துவிட்டால் நல்ல காரியம் எதையும் பேச முடியாது. ஆடி முடிவதற்குள் பையன் திரும்பிப் போய்விடுவான். அப்புறம் அடுத்த லீவுதான். இந்த நெருக்கடியில்தான் அவன் வந்து இறங்கிய சேதியோடு அக்கா படியேறி வந்தாள். பாய் மகளிடம் அன்று மதியம்தான் மறுபடி கேட்டிருந்தாள். அவள் பையன் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். அதோடு அக்காவுக்கு எல்லாம் முடிந்தது.

“நாளைக்கு மல ஏறறோம். நேர்ல சொல்லிடறேன். ஃபோன்ல சொன்னா கட் பண்ணிடுவா. நேர்ல சொன்னா எங்க ஓடுவா?”

“நான் எதுக்குக்கா?”

“அவ அழுதா எனக்குக் கை கால் ஓடாது. நீ பாத்துக்குவ.”

கச்சிராயபாளையம் தாண்டி, அணையைத் தாண்டி, பஸ் மலை ஏறத் தொடங்கியது. அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு வளைவிலும் ஆரம்பம் மாறியது. “கண்ணு, அம்மா உன் நல்லதுக்குத்தான்…” என்று ஒரு வளைவில். “அந்தப் பையன் யோக்கியன் இல்ல” என்று அடுத்த வளைவில். பக்கத்தில் சாமை மூட்டையோடு நின்ற ஒரு மலைக்காரர், “இன்னாம்மா, நாடகமா?” என்று கேட்டார். அக்கா அவரை முறைத்தாள்.

வெள்ளிமலையில் இறங்கும்போது காற்று புடவையைப் பிடுங்கியது. மதிய மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது. டீக்கடையில் உட்காரலாம் என்று நடந்தோம். வெளியே ஒரு கார் நின்றது. கடைக்குள் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓர் அம்மாவும் ஒரு ஆளும் உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஆள் டீக்கடைக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

“நல்ல தேன் எங்க கெடைக்கும்? … அப்பிடியா, சரி சரி. இங்க ஒரு ஆஸ்டல் இருக்குதாமே. அதுல வேல செய்றவங்க எல்லாம் எப்பிடி? தங்கமான ஆளுங்களா?”

“எந்த வேல? சமையலா?”

“அதத்தாங்க கேக்கறேன். கீழ வடக்கனந்தல்லேர்ந்து ஒரு பொண்ணு வருதாமே. அது சமையலா, பெருக்கற வேலயா, இன்னா வேல?”

அக்கா அப்படியே நின்றுவிட்டாள். அந்த முதுகு இரண்டையும் எனக்கும் அடையாளம் தெரிந்துவிட்டது. பையனின் அம்மாவும் தாய்மாமனும். இந்தத் தேன் வாங்குகிற தோரணையை எங்களைவிட வேறு யாருக்குத் தெரியும்?

“பெருக்கற வேலயா?” என்றாள் அக்கா.

இரண்டு பேரும் திரும்பினார்கள். தாய்மாமன் கையில் இருந்த டீ சட்டையில் கொட்டியது. பையனின் அம்மா எழுந்துவிட்டார். முகம் வெளுத்திருந்தது. ஆனால் பின்வாங்கவில்லை.

“நீங்களே வந்துட்டீங்க, நல்லதாப் போச்சு. நான் ஒளிக்க மாட்டேங்க. உங்க வூட்டுக்காரரு கவர்மெண்ட் ஸ்கூல் டீச்சருன்னாரு. வடக்கனந்தல்ல வெதக் கெழங்கு கேக்கற மாதிரி போய்க் கேட்டோம், ‘அதுவா, ஆஸ்டல்ல இருக்குது’ன்னாங்க. கச்சிராயபாளையத்துல ஒருத்தரு, ‘ஜி.டி.ஆர்ல வேல’ன்னாரு. அது கம்பெனியா, இன்னா எழவுன்னு எங்களுக்குத் தெரியல. ஆளுக்கு ஒண்ணு சொல்றீங்க. எம்புள்ள அங்க ஒத்தையில கெடக்கறான். நான் கேக்க வேணாங்களா?”

அக்காவுக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்குத்திதான் துடிக்கும். “மூணும் ஒண்ணுதாங்க! கவர்மெண்ட் ஸ்கூல்தான் அது. பசங்க தங்கிப் படிக்கறதால கீழ இருக்கறவங்க ஆஸ்டல்ன்றாங்க. ஆபீசுக்காரங்க கவர்மெண்ட் ட்ரைபல் ரெசிடென்ஷியல்ன்றத சுருக்கி ஜி.டி.ஆர்ன்றாங்க. ஒரே பள்ளிக்கூடத்த ஊருக்கு ஒரு பேரு சொன்னா அதுக்கு நாங்க இன்னா பண்றது? பொய் சொல்லிப் பொண்ணு குடுக்கற குடும்பமா நாங்க?”

“எம்புள்ளையும் அதையேதாங்க சொல்றான்” என்றார் அந்த அம்மா.

“எத?”

“அதான், ஊருக்கு ஒரு பேருன்னு. அவன் இருக்கற பக்கம் கவுன்சில் ஸ்கூலுக்கே அகாடமின்னுதான் பேராம். இன்னொரு ஊர்ல அதையே கிராமர் ஸ்கூலும்பாங்களாம். அந்தாண்ட ஐ ஸ்கூலாம். எனக்கு இன்னா தெரியும்? ‘அம்மா, நீ கவர்மெண்ட் ஸ்கூல்னு சொல்லிடு, அதான் நம்ம சனத்துக்குப் புரியும்’னான். சொன்னேன். நீங்க நாலு எடத்துல கேட்டது எங்க காதுக்கும் வந்துச்சு. தியாகதுருகத்துக்கு ஆள் வுட்டிருந்தீங்கல்ல?”

அக்கா என்னைப் பார்த்தாள். நான் டீக்கடைப் பலகாரத் தட்டைப் பார்த்தேன். டீக்கடைக்காரர் மட்டும் நிம்மதியாக இருந்தார். “ரெண்டு பேரும் ஒரே வேலையா வந்தீங்களா? டீ போடட்டா, இல்ல தேன் கட்டட்டா?” என்றார்.

ஆனால் அக்கா அவ்வளவு சுலபத்தில் இறங்குகிறவளா? ஒரு பிடி கிடைக்குமா என்று தேடிக்கொண்டே இருந்தாள். “பேரு மாறும், சரி. லீவு கூடவா மாறும்? இங்கிலாந்துல ஸ்கூல் நடந்துக்கினுதான் இருக்குது. உங்க புள்ள மட்டும் எப்பிடி வந்தாரு?”

“அவன் இருக்கறது ஸ்காட்லாந்துங்க. அங்க ஆனி பாதியிலயே வுட்டுடறாங்க. இங்கிலாந்துக்காரங்களுக்கு ஆடியிலதான். ஆடி முடியறதுக்குள்ள இவன் போய்ச் சேர்ந்துடணும், அவங்க அப்பறமும் ஜாலியா இருப்பாங்க. போன வருசமும் இப்பிடித்தான் வந்தான், அதுக்கு முந்தின வருசமும். எங்க தெருவுல வேணா கேட்டுக்கங்க.” சொல்லிவிட்டு, “தேன் கேக்கற மாதிரியே கேளுங்க” என்று சேர்த்தார்.

தாய்மாமனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சட்டையைத் துடைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டார். அக்கா சிரிக்கவில்லை. அந்த அம்மாவும் சிரிக்கவில்லை. இரண்டு பேரும் ஒருவர் முகத்தில் ஒருவர் எதையோ தேடிக்கொண்டே நின்றார்கள். எனக்கு அப்போது பாய் சொன்னது நினைவுக்கு வந்தது. ஆளாளுக்கு அவரவர் வீட்டைச் சுற்றி இருப்பதைச் சொல்லியிருக்கிறார்கள். ஒருத்தரும் பொய் சொல்லவில்லை. அதில் யாரோ ஒருவர் பொய் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று நாங்கள் கணக்குப் போட்டிருந்தோம்.

மதிய மணி அடித்தது. யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அக்கா மகள் சாக்பீஸ் கையோடு வேகமாக வந்தாள். எங்களைப் பார்த்தாள், அவர்களைப் பார்த்தாள், வாசலில் நின்ற காரைப் பார்த்தாள். ஒரு நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது அவளுக்கு.

“கடையில நின்னு பேச வேணாம். ரூமுக்கு வாங்க” என்றாள்.

அறை டீக்கடைக்குப் பின்னால்தான். ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், மூலையில் தண்ணீர்க் குடம், ஜன்னல் திட்டில் செம்பு. தாய்மாமன் வாசலோடு நின்றுகொண்டார். அவள் உட்காரவில்லை.

“அத்த, உங்களுக்கு என் ஸ்கூலப் பத்தி சந்தேகம் இருந்தா எங்கிட்டயே கேட்டிருக்கலாம். அம்மா, நீயும்தான். அவர் வேல செய்ற எடத்தப் பத்தி ஊரெல்லாம் கேட்ட. அவரக் கேட்டியா?”

“அவனயே கேட்டா அவன் சொல்றதத்தான சொல்லுவான்?” என்றாள் அக்கா.

“நான் கேட்டேன். மொத வாரமே கேட்டேன். எல்லாத்தையும் சொன்னாரு.”

“அவன் சொன்னத நீ அப்பிடியே நம்பிட்ட.”

“நீ இப்ப டீக்கடையில நின்னு என் ஸ்கூலப் பத்திக் கத்தின பாரு, கிளாஸ் வரைக்கும் கேட்டுச்சு. அத அத்த நம்பணுமா வேணாமா, நீயே சொல்லு.”

அக்கா புடவைத் தலைப்பை எடுத்து ஒரு தடவை உதறினாள். பையனின் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். வெளியே பிள்ளைகள் தட்டைத் தட்டிக்கொண்டு வரிசையில் போகிற சத்தம் கேட்டது.

“எனக்கு அரை மணிதான் டைம். காலைல சாமைச் சோறும் மொச்சக் கொட்டக் கொழம்பும் வச்சேன். ரெண்டு நாளைக்கு ஆகும்னு வச்சது. எல்லாரும் சாப்புட்டுப் போங்க” என்றாள் அக்கா மகள். தட்டுகளைத் தரையில் வைத்தே விட்டாள்.

யாரும் அசையவில்லை. பேச்சு முடிந்து பூ வைக்கிற வரைக்கும் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் தண்ணீரோ காப்பியோ குடிப்பார்கள், அதோடு சரி. சோற்றில் கை நனைத்துவிட்டால் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம். சாப்பிடச் சொல்கிறவர்களும் அதனால் ஒப்புக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அதற்குமேல் வற்புறுத்த மாட்டார்கள். அந்தப் பெண்ணுக்கு இது தெரியாமல் இல்லை. தெரிந்துதான் தட்டை வைத்தாள் என்று எனக்குப் பட்டது. அவள் விரல்கள் சாக்பீஸை உடைத்துக்கொண்டே இருந்தன.

பையனின் அம்மா தட்டைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். “தண்ணி மட்டும் குடும்மா. போதும். நாங்க கெளம்பறோம்” என்றார். ஆனால் கிளம்பவும் இல்லை.

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் முகத்தில் சந்தேகம் அப்படியேதான் இருந்தது. ஒரு சுருக்கம்கூடக் குறையவில்லை. தட்டை, குழம்புச் சட்டியை, மகளின் கைவிரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இன்னும் எதையாவது கேட்பாள் என்றுதான் நினைத்தேன்.

ஜன்னல் திட்டிலிருந்த செம்பை எடுத்துக் குடத்தில் முக்கினாள். அதைக் குடிக்கக் கொடுக்கவில்லை. வாசலுக்குப் போய், “கைய நீட்டுங்க” என்று அந்த அம்மாவைக் கூப்பிட்டு, நீட்டிய இரண்டு கையிலும் தண்ணீரை ஊற்றினாள்.